பாதியில் நிற்கும் எழுத்தை முடிக்க: கேட்பதற்கு ஓர் ஆளைத் தேடிக்கொள்வது எப்படி?

என் முதல் நாவல் 31,000 சொல்லில் நின்றுபோய் கிட்டத்தட்ட இரண்டு வருடம் அப்படியே கிடந்தது. கதை எப்படி முடியும் என்று தெரியும், கடைசி அத்தியாயத்தின் கடைசிப் பத்திகூட மனதில் தயாராக இருந்தது. விடுமுறை எடுத்துப் பார்த்தேன், விடியற்காலை அலாரம் வைத்துப் பார்த்தேன், புது நோட்டு வாங்கினேன், ஒன்றும் நகரவில்லை. அப்புறம் எழுத்துக்கும் தனக்கும் சம்பந்தமே இல்லாத ஒரு நண்பர், ஒரு ஞாயிறு இரவு போனில் பேசிக்கொண்டிருந்தபோது, "சரி, இந்த வாரம் எத்தனை பக்கம் எழுதினே?" என்று கேட்டார். ஒன்றும் இல்லை என்றேன். "அடுத்த ஞாயிறு இதே நேரம் கேட்பேன்" என்றார். கேட்டார். விடாமல் ஒவ்வொரு ஞாயிறும் கேட்டார், 41-வது வாரம் முதல் வரைவு முடிந்தது.

அந்த 41 வாரத்தில் கற்றதையும், அதற்குப் பிறகு வேறு சிலருக்கு நான் அதேபோலக் கேட்கும் ஆளாக இருந்து கற்றதையும் சேர்த்துத்தான் இதை எழுதுகிறேன். நாவல் என்று சொல்லிக்கொண்டு போனாலும் ஆய்வேடு, மொழிபெயர்ப்பு, தன்வரலாறு, கட்டுரைத் தொகுப்பு எல்லாவற்றுக்கும் இது பொருந்தும்.

எனக்கு மட்டும் நடந்த அதிசயம் என்று நினைக்க வேண்டாம். கல்லூரி ஆசிரியர்கள் எழுதும் விதத்தைப் பல வருடம் கவனித்த ராபர்ட் பாய்ஸ் என்ற உளவியலாளர் 1989-ல் ஓர் ஆய்வை வெளியிட்டார். ஆசிரியர்களை மூன்று குழுவாகப் பிரித்தார். வழக்கம்போல் எப்போதாவது உட்கார்ந்து எழுதியவர்கள் ஓர் ஆண்டில் சராசரியாக 17 பக்கம் எழுதினார்கள். தினமும் எழுதிக் கணக்கும் வைத்துக்கொண்டவர்கள் 64 பக்கம். தினமும் எழுதி, கணக்கு வைத்து, அந்தக் கணக்கை இன்னொருவரிடம் காட்டவும் வேண்டியிருந்தவர்கள் 157 பக்கம். இரண்டாவது குழுவுக்கும் மூன்றாவது குழுவுக்கும் பெரிய வித்தியாசம் என்றால் பதில் சொல்ல ஓர் ஆள் இருந்ததுதான்.

முதல் படி: 'முடிந்தது' என்றால் என்ன?

யாரையும் தேடிப் போவதற்கு முன் இதை ஒரே வரியில் எழுதிக்கொள்ளுங்கள். "நாவலை முடிக்கணும்" என்று மட்டும் சொன்னால், உங்களைக் கேட்க வருகிறவருக்கு எதைக் கேட்பது என்றே புரியாது. முதல் வரைவு முடிவதா, திருத்திய பிரதி பதிப்பாளர் கைக்குப் போவதா, மூன்றாவது இயல் வழிகாட்டியின் மேசைக்குப் போவதா? "24 அத்தியாயமும் ஒருமுறை முழுசாக எழுதப்பட்டிருக்கும், மோசமாக இருந்தாலும் பரவாயில்லை, ஆகஸ்ட் 31" என்று இருக்கட்டும். உங்கள் கோப்பை வேறொருவர் திறந்து பார்த்தே முடிந்ததா இல்லையா என்று சொல்லிவிட வேண்டும், அந்த அளவுக்குத் தெளிவு.

கூடவே, எழுத்து எங்கே, எதனால் நிற்கிறது என்றும் ஒரு வரி எழுதுங்கள். நேரமே கிடைக்காமல் நிற்கிறதா, கதை அந்த இடத்தில் உடைந்திருக்கிறதா, ஏதோ தகவல் தேவைப்படுகிறதா, இல்லை முடித்துவிட்டால் நாலு பேர் படிப்பார்களே என்ற பயமா? கதை உடைந்திருந்தால் வாராவாரம் ஒருவர் கேட்பதால் மட்டும் அது சேராது, படித்துப் பார்த்துச் சொல்ல ஆள் வேண்டும். எந்த உதவியைத் தேடுவது என்பதை இந்த ஒரு வரிதான் முடிவு செய்யும்.

இரண்டாவது படி: மூன்று வேலையையும் ஒரே ஆளின் தலையில் கட்டாதீர்கள்

இங்கேதான் பெரும்பாலானவர்கள் சறுக்குகிறார்கள் என்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

ரஷ்ய நாவலாசிரியர் தஸ்தயேவ்ஸ்கி கடன் நெருக்கடியில் ஸ்டெல்லோவ்ஸ்கி என்ற பதிப்பாளரிடம் ஓர் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டிருந்தார். 1866 நவம்பர் 1-க்குள் புது நாவல் ஒன்றைத் தராவிட்டால், அடுத்த 9 ஆண்டுகளுக்கு அவர் எழுத்தைக் காசு கொடுக்காமலே அச்சிட்டுக்கொள்ளும் உரிமை பதிப்பாளருக்குப் போய்விடும். இதைவிடக் கழுத்தை நெரிக்கும் கெடு ஒன்றை என்னால் யோசிக்க முடியவில்லை. அப்படியிருந்தும் அக்டோபர் பிறந்தபோது அந்த நாவலில் ஒரு பக்கம்கூட எழுதப்படவில்லை. நண்பர்கள் ஆளுக்கொரு பகுதி எழுதித் தருகிறோம் என்று முன்வந்தார்கள், அடுத்தவர் எழுதியதில் என் பெயரைப் போட மாட்டேன் என்று மறுத்துவிட்டார். சுருக்கெழுத்து தெரிந்த ஒருவரை வைத்துக்கொள் என்று ஒரு நண்பர் சொன்ன யோசனைதான் வேலை செய்தது. அன்னா என்ற 20 வயதுப் பெண் வந்தார். பகலில் தஸ்தயேவ்ஸ்கி சொல்லச் சொல்லக் குறித்துக்கொள்வார், வீட்டுக்குப் போய் நல்ல பிரதி எடுத்து மறுநாள் கொண்டுவந்து கொடுப்பார். 26 நாளில் 'சூதாடி' முடிந்தது.

எனக்கு இதில் முக்கியமாகப் படுவது இதுதான்: கெடு ஒரு வருடத்துக்கும் மேலாகக் கண்ணெதிரே இருந்தும் அவரை உட்காரவைக்க அதனால் முடியவில்லை. மறுநாள் ஒருவர் கதவைத் தட்டுவார், கையில் நேற்றைய பக்கங்களோடு வருவார், இன்றைக்கு என்ன என்று எதிரே உட்காருவார் என்பது உட்காரவைத்தது.

ஆங்கில எழுத்தாளர் டோல்கீன் கதை வேறு மாதிரி. அவர் தன் பெரிய நாவலான 'தி லார்ட் ஆஃப் த ரிங்ஸ்'-ஐ 1937 டிசம்பரில் தொடங்கி 1949-ல்தான் முடித்தார். நண்பர் லூயிஸ் உட்கார்ந்து கேட்டு, இன்னும் கொண்டுவா என்று தீராத ஆவலோடு இருந்திருக்காவிட்டால் நான் அதை முடித்தே இருக்க மாட்டேன் என்று பின்னாளில் ஒரு கடிதத்தில் எழுதினார். அன்னா செய்த வேலை வேறு, லூயிஸ் செய்த வேலை வேறு.

ஆக, உங்களுக்கு வேண்டியது மூன்று வேலை. கேட்பவர், அதாவது சொன்ன நாளில் சொன்ன அளவு வந்ததா என்று மட்டும் பார்ப்பவர். படிப்பவர், எழுதியதைப் படித்து எங்கே தொய்கிறது, எங்கே புரியவில்லை என்று சொல்பவர். தாங்குபவர், நீ எழுது, நான் மற்றதைப் பார்த்துக்கொள்கிறேன் என்று வீட்டிலோ மனதிலோ உங்களுக்கு இடம் ஒதுக்கித் தருபவர். ஒரே ஆள் மூன்றையும் செய்தால் என்ன ஆகும் தெரியுமா? ஞாயிறு அன்று 900 சொல் அனுப்புவீர்கள், அவர் மூன்றாவது பத்தி சரியில்லையே என்பார், நீங்கள் புதன் வரை அந்த மூன்றாவது பத்தியையே திருத்திக்கொண்டிருப்பீர்கள், அடுத்த ஞாயிறு அனுப்ப ஒன்றும் இருக்காது. முதல் வரைவு முடியும் வரை கேட்பவர் படிக்க வேண்டாம். இதில் நான் கறாராகவே இருக்கிறேன்.

மூன்றாவது படி: கேட்பவராக யாரைப் பிடிப்பது?

எழுத்தாளராக இருக்க வேண்டிய அவசியமே இல்லை. சொன்ன நேரத்தில் சொன்னதைச் செய்கிறவராக இருந்தால் போதும். உங்களுக்குத் தெரிந்தவர்களில் பிறந்தநாளை மறக்காதவர் யார், ஐந்து மணிக்கு வருகிறேன் என்றால் ஐந்துக்கு வந்து நிற்பவர் யார் என்று யோசியுங்கள், பட்டியல் தானாகச் சுருங்கிவிடும். அப்புறம் இன்னொன்று, அவரிடம் "இந்த வாரம் எழுதவில்லை" என்று சொல்ல உங்களுக்குக் கொஞ்சம் கூச்சமாக இருக்க வேண்டும், ஆனால் பயமாக இருக்கக் கூடாது. பயம் இருந்தால் பொய்க் கணக்கு சொல்ல ஆரம்பித்துவிடுவோம், அதோடு எல்லாம் போச்சு.

கணவன், மனைவி, அப்பா, அம்மா இவர்களை இந்த வேலைக்கு வைக்காதீர்கள் என்பது என் அழுத்தமான கருத்து. அவர்கள் தாங்குபவர்கள். ஞாயிறுதோறும் கணக்குக் கேட்கும் பொறுப்பையும் அவர்களிடம் கொடுத்தால், சாப்பாட்டு நேரத்தில் வரும் சாதாரணக் கேள்விகூட விசாரணை போலக் காதில் விழத் தொடங்கும்.

உங்களைப்போலவே எதையோ முடிக்கப் போராடும் ஒருவர் கிடைத்தால் நல்லது, ஒருவருக்கொருவர் கேட்டுக்கொள்ளலாம். அவரும் நாவல்தான் எழுத வேண்டும் என்றில்லை, ஆய்வேடு எழுதுபவர், தேர்வுக்குப் படிப்பவர், வீணை பழகுபவர் யாராகவும் இருக்கலாம். சுற்றி ஒருவரும் இல்லை என்றால் நூலக வாசகர் வட்டம், எழுத்துப் பட்டறையில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர், பழைய வகுப்புத் தோழர், முன்பு கூட வேலை பார்த்தவர் என்று தேடிப் பாருங்கள். நெருக்கம் கொஞ்சம் குறைந்த ஆள்தான் பெரும்பாலும் நன்றாக அமைகிறார். நெருங்கிய நண்பர் "பரவாயில்லை விடு" என்று சொல்லிவிடுவார்.

நான்காவது படி: வாய்விட்டுக் கேளுங்கள்

"எனக்கு கொஞ்சம் சப்போர்ட் வேணும்" என்று கேட்டால், எதிராளி நிச்சயமாக என்பார், அதோடு முடிந்துவிடும். என்ன வேலை, எத்தனை நாள், எவ்வளவு நேரம் என்று மூன்றையும் சொல்லிக் கேளுங்கள். நான் அனுப்பிய செய்தி ஏறக்குறைய இப்படித்தான் இருந்தது:

"ஒரு உதவி வேணும். நாவலோட முதல் வரைவை முடிக்கணும். அடுத்த 12 வாரம், ஞாயிறு ராத்திரி 9 மணிக்கு அந்த வாரம் எவ்வளவு எழுதினேன்னு நானே உனக்கு அனுப்புவேன். 9:30 வரைக்கும் வரலேன்னா, 'எங்கே?'ன்னு ஒரு வார்த்தை மட்டும் அனுப்பு. படிக்க வேண்டாம், கருத்து சொல்ல வேண்டாம். 12 வாரம் முடிஞ்சதும் தொடரலாமான்னு பேசிக்கலாம். முடியாதுன்னா தயங்காம சொல்லு."

கேட்பவருக்கு வாரத்துக்கு இரண்டு நிமிட வேலை. முடிவு தேதி இருப்பதால் ஒப்புக்கொள்வது சுலபம், விலகுவதும் சங்கடமில்லை. அனுப்பும் பொறுப்பு உங்களுடையது என்பதைக் கவனியுங்கள். அவர் நினைவு வைத்துக்கொண்டு துரத்த வேண்டும் என்று விட்டால் மூன்றாவது வாரமே அவர் களைத்துப்போவார்.

ஐந்தாவது படி: வாரக் கணக்கு

நான்கு வரி போதும். என் பழைய செய்திகளிலிருந்து ஒன்று:

"சொன்னது: 1,500 சொல். எழுதினது: 940. நிற்கும் இடம்: அத்தியாயம் 14, அக்கா கடிதத்தைப் பிரிக்கிற இடம். அடுத்த வாரம்: 1,200, செவ்வாய் வியாழன் சனி, ராத்திரி 9 முதல் 10."

மூன்றாவது வரியை விட்டுவிடாதீர்கள். அக்கா கையில் கடிதம் பிரிக்காமல் இருக்கிறது என்று எழுதி அனுப்பிவிட்டால், செவ்வாய் இரவு உட்காரும்போது எங்கிருந்து தொடங்குவது என்று அரை மணி நேரம் தேட வேண்டியதில்லை, கடிதத்தைப் பிரித்தால் போதும். நான்காவது வரியில் கிழமையும் மணியும் கட்டாயம். எப்போது, எங்கே என்று முன்கூட்டியே முடிவு செய்தவர்கள் வெறும் 'செய்வேன்' என்று நினைத்தவர்களைவிட அதிகம் செய்து முடிக்கிறார்கள் என்பதை உளவியலாளர் பீட்டர் கோல்விட்ஸர் 1990-களிலேயே ஆய்வுகளில் காட்டியிருக்கிறார்.

அளவை எவ்வளவு வைப்பது? ஒரே மாதத்தில் 50,000 சொல் எழுதும் நானோரைமோ என்ற இயக்கம் 1999-ல் 21 பேருடன் தொடங்கி உலகம் முழுக்கப் பரவியது, 2025-ல் அதை நடத்திய அமைப்பே மூடப்படுவதாக அறிவித்துவிட்டது, ஆனாலும் நாளுக்கு 1,667 சொல் என்ற அந்தக் கணக்கு மட்டும் இன்னும் பலர் மனதில் உட்கார்ந்திருக்கிறது. அது ஆங்கிலத்துக்கான கணக்கு. தமிழில் 'வந்துகொண்டிருந்தவர்களுக்காகத்தான்' என்பது ஒரே சொல், ஆங்கிலத்தில் அதைச் சொல்ல ஆறேழு சொல்லாவது வேண்டும். எனவே ஆங்கிலக் கணக்கை அப்படியே எடுத்துவைத்துக்கொண்டு எட்ட முடியவில்லையே என்று நொந்துபோகாதீர்கள். வேலைக்குப் போய்க்கொண்டு எழுதுபவருக்கு வாரம் 1,000 முதல் 1,500 சொல் நல்ல அளவு என்பது என் அனுபவம். முதல் மாதம் அதிலும் பாதியை வையுங்கள். தொடர்ந்து நாலு வாரம் சொன்னதைச் செய்து முடித்த பழக்கம், ஒரு வாரம் 5,000 எழுதிவிட்டு அடுத்த மூன்று வாரம் படுத்துக்கொள்வதைவிட ரொம்பப் பெரியது.

திருத்தும் கட்டத்தில் சொல் கணக்கு உதவாது, வெட்ட வெட்ட எண்ணிக்கை குறையத்தானே செய்யும். அப்போது திருத்திய பக்கங்களையோ உட்கார்ந்த மணி நேரத்தையோ அனுப்புங்கள். முதல் வரைவில் இருக்கும்போது ஒற்றுப்பிழை பார்ப்பதை எழுதிய கணக்கில் சேர்க்காதீர்கள், அது வேலை செய்த திருப்தியைக் கொடுத்துவிட்டு நேரத்தைத் தின்றுவிடும்.

ஆறாவது படி: உட்காரவே முடியவில்லை என்றால், சேர்ந்து உட்காருங்கள்

சிலருக்கு வாரம் ஒருமுறை கேட்டால் போதும். சிலருக்கு நாற்காலியில் உட்காருவதே மலை. அவர்கள் வீடியோ அழைப்பில் இன்னொருவரோடு சேர்ந்து உட்காரலாம். தொடக்கத்தில் ஆளுக்கு ஒரு வாக்கியம், "கடிதத்தைப் பிரிக்கிற காட்சியை முடிக்கப்போறேன்" என்பதுபோல. அப்புறம் இருவரும் மைக்கை அணைத்துவிட்டு 25 நிமிடம் எழுத வேண்டும், 5 நிமிடம் ஓய்வு, மறுபடி 25. இந்த 25 நிமிடக் கணக்கு பிரான்செஸ்கோ சிரில்லோ 1980-களின் இறுதியில் உருவாக்கிய பொமடோரோ முறையிலிருந்து வந்தது. ஓய்வு நேரத்தில் கதையைப் பற்றி விவாதிக்க ஆரம்பித்தால் மீண்டும் எழுதத் திரும்புவது கஷ்டம். தண்ணீர் குடித்துவிட்டு வந்து உட்காருங்கள்.

ஏழாவது படி: குழு வேண்டுமா?

மூன்று முதல் ஐந்து பேர். அதற்கு மேல் போனால் யாரும் யாரையும் கவனிப்பதில்லை, ஒருவர் அனுப்பாவிட்டாலும் தெரியாது, பிறகு குழுவில் காலை வணக்கப் படங்கள்தான் மிஞ்சும். வாரக் கணக்குக்கு மட்டும் ஒரு தனிக் குழு வைத்துக்கொள்ளுங்கள், அரட்டைக்கு வேண்டுமானால் இன்னொன்று இருக்கட்டும். ஒருவர் இரண்டு வாரம் தொடர்ந்து அனுப்பாவிட்டால் யார் அவருக்குப் போன் செய்வது என்று முதல் நாளே முடிவு செய்துவிட வேண்டும்.

எட்டாவது படி: தவறிய வாரம்

இது வரும். காய்ச்சல், வேலை நெருக்கடி, வீட்டில் துக்கம், அல்லது காரணமே இல்லாமல் வெறுமனே எழுத முடியாத வாரம். பெரும்பாலான ஏற்பாடுகள் முறிவது அந்த வாரத்தில்கூட இல்லை, அதற்கு அடுத்த வாரத்தில்தான். போன வாரம் அனுப்பவில்லையே, இந்த வாரம் இரண்டுக்கும் சேர்த்து 3,000 சொல்லாக அனுப்பி ஈடுகட்டிவிடலாம் என்று மனசு கணக்குப் போடும். 3,000 வராது, கூச்சம் இரண்டு மடங்காகும், பிறகு அந்த நண்பரின் போனையே எடுக்காமல் தவிர்ப்பீர்கள். எனக்கு 17-வது வாரம் இப்படி ஆனது. இரண்டு ஞாயிறு அனுப்பவில்லை. அவர் இரண்டு முறையும் "எங்கே?" என்று மட்டும் கேட்டிருந்தார், இரண்டு நீல டிக் விழுந்ததை அவரும் பார்த்திருப்பார். மூன்றாவது ஞாயிறு ஒருவழியாக "0" என்று அனுப்பினேன். "சரி. அடுத்த வாரம் எவ்வளவு?" என்று பதில் வந்தது. ஏன் என்று கேட்கவில்லை. அந்த வாரம் 300 எழுதினேன், நாவல் மறுபடி ஓட ஆரம்பித்தது.

அதனால் ஏற்பாடு தொடங்கும்போதே இரண்டு விதி பேசிக்கொள்ளுங்கள். பூஜ்யம் என்றாலும் அனுப்ப வேண்டும். விட்டதை அடுத்த வாரத்தில் சேர்க்கக் கூடாது, அளவைப் பாதியாக்கித் தொடங்க வேண்டும். கேட்பவருக்கும் ஒரு விதி உண்டு: காரணம் கேட்கவும் வேண்டாம், ஆறுதல் சொல்லவும் வேண்டாம், அடுத்த எண்ணைக் கேட்டால் போதும். நான் கேட்பவராக இருந்தபோது ஒருமுறை "ஐயோ, என்னாச்சு, உடம்பு சரியில்லையா?" என்று நீளமாகப் பேசிவிட்டேன். அடுத்த ஞாயிறு முதல் அவர் எண்ணை விட்டுவிட்டுக் காரணங்களை அனுப்பத் தொடங்கினார். தவறு என்னுடையதுதான்.

மூன்று வாரம் தொடர்ந்து பூஜ்யம் வந்தால் மட்டும் நிறுத்திப் பேசுங்கள். அப்போது பெரும்பாலும் கதைதான் உடைந்திருக்கும், படிப்பவரைக் கூப்பிட வேண்டிய நேரம் அது.

பந்தயம், ஊரறிய அறிவிப்பு பற்றி

முடிக்காவிட்டால் இவ்வளவு பணம் தருகிறேன் என்று பந்தயம் கட்டுபவர்கள் உண்டு. சிலருக்கு வேலை செய்கிறது, நான் பரிந்துரைக்க மாட்டேன். பணத்தைக் கொடுத்துவிட்டு நிம்மதியாக எழுதாமல் இருந்தவர்களைப் பார்த்திருக்கிறேன்.

நாவல் எழுதுகிறேன் என்று ஊருக்கெல்லாம் அறிவிப்பதில் இன்னும் பெரிய சிக்கல் இருக்கிறது. அதே கோல்விட்ஸரும் சக ஆய்வாளர்களும் 2009-ல் வெளியிட்ட ஆய்வில், தான் இன்னாராக ஆகப்போகிறேன் என்ற எண்ணத்தை இன்னொருவர் தெரிந்துகொண்டபோது, அதற்காக உழைப்பது குறைந்தது. பாராட்டிலேயே பாதி ஆகிவிட்டதுபோல ஒரு நிறைவு வந்துவிடுகிறது. நூறு பேர் வாழ்த்துவார்கள், ஞாயிறு இரவு 9 மணிக்கு ஒருவரும் கேட்க மாட்டார்கள். ஒரே ஒருவருக்குச் சொல்லுங்கள், அதுவும் இந்த வாரம் எவ்வளவு என்று சொல்லுங்கள்.

கடைசிக் கட்டம்

முடிவு நெருங்கும்போது வேகம் குறையும். பயந்துவிடாதீர்கள், முடித்துவிட்டால் அடுத்தவர் கையில் கொடுக்க வேண்டுமே என்பதால் வரும் தயக்கம் அது. கடைசி மூன்று வாரத்துக்கு மட்டும் வாரக் கணக்கை நாள் கணக்காக மாற்றச் சொல்லிக் கேளுங்கள், இரவு ஓர் எண், அவ்வளவுதான். முதல் வரைவை யார் படிக்கப்போகிறார் என்பதையும் அப்போதே உறுதி செய்து, எந்தத் தேதியில் அவர் கைக்கு வரும் என்று சொல்லிவிடுங்கள். எதைப் பார்க்க வேண்டும் என்றும் இரண்டு மூன்று கேள்வியாக எழுதிக் கொடுங்கள்: எங்கே படிப்பதை நிறுத்தத் தோன்றியது, யார் பேசுகிறார் என்று எங்கே குழம்பினீர்கள், முடிவு நம்பும்படி இருக்கிறதா? எழுத்துப்பிழையை இப்போது பார்க்க வேண்டாம் என்பதையும் சொல்லிவிடுங்கள்.

41-வது ஞாயிறு நான் அனுப்பியது இது: "சொன்னது: கடைசிக் காட்சி. எழுதினது: கடைசிக் காட்சி. நிற்கும் இடம்: முற்றும். அடுத்த வாரம்:" அந்த வரியில் எதுவும் எழுதாமல் அனுப்பிவிட்டேன். இரண்டு நிமிடத்தில் பதில் வந்தது. "ரொம்ப சந்தோஷம். அடுத்த வாரம் திருத்தம்தானே? எத்தனை பக்கம்?"